ஆயிரம் ரூபாய் கட்டுவதற்கு முன்...

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு மாணவன்)



போன வருடம் கார்த்திகை மாதம். மத்தியானம் லேபில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன். அவர் காய்கறிக் கடை வைத்திருப்பவர். விடியற்காலையில் எக்ஸ்.எல். வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை ஏற்றி வருவார். அந்த நேரத்தில் அவர் போன் பண்ணுகிற வழக்கமே இல்லை.

"தம்பி, போலீஸ்லேருந்து போனுக்கு மெசேஜ் வந்திருக்குடா. ஹெல்மெட் போடலையாம், ஆயிரம் ரூவாயாம். பக்கத்துக் கடை அண்ணாச்சி, 'எதுக்கு வம்பு, கட்டிடுங்க'ங்கிறார். கட்டிடவா?"

"இருங்கப்பா, சாயங்காலம் வர்றேன், பாத்துட்டுக் கட்டலாம்" என்றேன். ஆயிரம் ரூபாய் என்பது எங்கள் கடையில் இரண்டு நாள் லாபம்.

சலான் என்றால் தண்டனை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை நண்பர்களே! அது ஒரு குற்றச்சாட்டு. 'நீ இந்தத் தவறைச் செய்தாய், ஒப்புக்கொண்டால் இந்தத் தொகையைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்' என்று சொல்லும் தாள். மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆவது பிரிவு இதற்குத்தான் வழி செய்கிறது. கட்டினால் விவகாரம் முடிந்தது, ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிட்டது. கட்டமாட்டேன், கோர்ட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் உரிமை உண்டு. விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கிப் பார்க்காமலே அரியருக்குப் பணம் கட்டுகிறவன் நம்மில் எவனாவது உண்டா? இங்கே மட்டும் ஏன் கட்டுகிறோம்?

பார்ப்பது எப்படி என்கிறீர்களா? முதல் விஷயம், மெசேஜில் வந்த லிங்கை அப்படியே அமுக்காதீர்கள். எங்கள் விடுதியில் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று ஏ.பி.கே. ஃபைல் ஒன்று வந்தது. திறந்தான். மறுநாள் மெஸ்ஸுக்கு வைத்திருந்த பணம் அக்கவுண்டில் இல்லை! சலானைப் பார்க்க எந்த ஃபைலையும் போனில் ஏற்ற வேண்டியதில்லை. மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே தேடிப் போங்கள். முகவரியின் வால் 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அங்கே சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். வண்டி எண் என்றால் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். ஆர்.சி.யில் இருக்கிறது.

ஆர்.சி. பதிவில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வண்டி வாங்கும்போது ஏஜென்டோ கடைக்காரரோ தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மெசேஜ் எல்லாம் அவருக்குப் போகும். நமக்கு வண்டியை விற்கப் போகிற அன்றைக்குத்தான் விஷயம் தெரியும்.

சரி, அன்று சாயங்காலம் ஊருக்குப் போனேன். சலானைத் திறந்தேன். இடம், எங்கள் ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு நகரத்துச் சிக்னல். நேரம், காலை 6.10. எங்கள் எக்ஸ்.எல். அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்கே அரை நாள் ஆகும்! போட்டோவைப் பெரிதாக்கினேன். கறுப்பு நிற பைக், இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஹெல்மெட் இல்லை. நம்பர் பிளேட்டில் சேறு. கடைசி இலக்கம் உண்மையில் 8. அதன் இடது பக்கத்தைச் சேறு மூடியதால் 3 மாதிரித் தெரிகிறது. எங்கள் வண்டி 3.

நம் பிரிவு நண்பர்களுக்கு இது புதிதல்ல. கேமரா வண்டியைப் படம் எடுக்கிறது. மென்பொருள் பிளேட்டை மட்டும் வெட்டி எடுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து, தன்னிடம் உள்ள வடிவங்களோடு ஒப்பிடுகிறது. அதற்கு 8-உம் 3-உம், 8-உம் 'பி'யும், 0-உம் 'டி'யும் அண்ணன் தம்பிகள். இருட்டு, மழை, சேறு, ஸ்டைலாக வளைத்து எழுதிய எண்கள் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பிளேட்டில் எழுத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் உயரம், இத்தனை இடைவெளி என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட்டும் கட்டாயம். 'தல', 'தளபதி' என்று பிளேட்டில் எழுதிக்கொண்டு திரியும் நண்பர்கள் கவனிக்க. உங்களுக்கு வரவேண்டிய சலான் வேறொரு அப்பாவுக்குப் போகும்!

கேமரா சலானுக்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தவறைக் காட்டும் படம், வண்டியின் எண், தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப்பிரிவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சலான் முடிகிற வரை அந்தப் பதிவை அழிக்கக்கூடாது. ஆகவே 'போட்டோவைக் காட்டுங்கள் சார்' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

அப்பாவுக்கோ பயம். "போலீஸ்கிட்ட போயி எதுக்குடா எதிர்த்துப் பேசணும்?" எதிர்த்துப் பேசவில்லை, எழுதிக் கொடுத்தோம். அதே தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதி இருக்கிறது. அதில் பதிந்துவிட்டு, சலான் போட்ட பிரிவின் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் மனுவும் அனுப்பினோம். அரைப் பக்கம்தான். சலான் எண், வண்டி எண், 'படத்தில் இருப்பது கறுப்பு நிற பைக், என்னுடையது மொபெட், கடைசி இலக்கம் 8, என்னுடையது 3, சலானை ரத்து செய்யக் கோருகிறேன்' என்று நான்கு வரி. இணைப்பாக ஆர்.சி. நகல், எங்கள் வண்டியின் முன், பின் போட்டோ, அன்றைய மார்க்கெட் கேட் சீட்டு. அந்தச் சீட்டை அப்பா தூக்கிப் போடாமல் கம்பியில் குத்தி வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மனுவில் கோபம் வேண்டாம், கதையும் வேண்டாம். பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று சலானிலேயே பார்த்து, அதற்குள் அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் கழித்துத் தளத்தில் பார்த்தபோது அந்தச் சலான் இல்லை.

மனுவை ஏற்காவிட்டால் அடுத்தது கோர்ட்தான். சில ஊர்களில் சலான் நேரே மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கேயும் 'கட்டுகிறேன்', 'எதிர்க்கிறேன்' என்று இரண்டு வழி உண்டு. எதிர்த்தால் வழக்கமான கோர்ட்டுக்கு மாற்றுவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதுதான் மோசம். பேர் மாற்றம் செய்யப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

ரோட்டில் நேரில் பிடித்தால்? யூனிபாரத்தில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பது 2018 முதல் செல்லும், ஒரிஜினலைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள், 206-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பணம் கொடுத்தால் சலான் ரசீது. ரசீது இல்லாமல் கொடுக்கிற பணத்துக்கு அபராதம் என்று பேரில்லை.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 100 ரூபாயாக இருந்தது 1000 ஆனது. லைசென்ஸ் இல்லையென்றால் 500, 5000 ஆனது. முதலாம் ஆண்டுத் தம்பிகளே, உங்களில் பலருக்கு இன்னும் 18 ஆகவில்லை. நீங்கள் அண்ணன் பைக்கை எடுத்து வந்து மாட்டினால் 199ஏ பிரிவு. வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. உங்களுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெற்றோர் தப்பிக்க வேண்டுமென்றால் தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். கேன்டீன் டீக்காகப் பைக் எடுக்கிற விஷயம் இல்லை இது.

கதை இன்னும் முடியவில்லை. அன்று சாயங்காலம் வண்டி எண்ணைப் போட்டுத் தேடியபோது பட்டியலில் இரண்டு சலான் வந்தது. ஒன்று அந்தக் கறுப்பு பைக். இன்னொன்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு சிக்னல், தீபாவளிக்கு முதல் நாள், ஹெல்மெட் இல்லை, 1000 ரூபாய். பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எக்ஸ்.எல்.லில் பட்டாசுப் பையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நான்!

அப்பா போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாருடா?" என்றார்.

"நான்தான்ப்பா."

"அப்ப இதுக்கும் மனு எழுதுவியா?"

மனு எழுதவில்லை. ஸ்காலர்ஷிப் பணத்திலிருந்து அன்றைக்கே கட்டினேன். ரசீதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை நான்காக மடித்து ஆர்.சி. உறைக்குள் வைத்துக்கொண்டார். சாவியை மட்டும் இன்னும் தரவில்லை.