இரு கருவிக்கு ஒரு செவி

தாம்பரத்திலிருந்து காலையில் கடற்கரைக்குப் போகும் மின்ரயிலிலும் சரி, எதிர்த்திசையில் மகேந்திரா சிட்டி வேலைக்காகப் பரனூர் போகும் ரயிலிலும் சரி, முதுகில் ஆபீஸ் லேப்டாப், கையில் சொந்த போன், காதில் இயர்பட்ஸ் என்றுதான் பாதிப் பேர் நிற்கிறார்கள். சானடோரியத்தில் இறங்கி மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் போகிறவருக்கும், சேலையூரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும் தேவை ஒன்றுதான். லேப்டாப்பில் மீட்டிங் ஓடும்போது போனில் அம்மா கூப்பிட்டால் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் ப்ளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணைத்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த வசதியைத்தான் ‘மல்ட்டிபாயின்ட்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். வாங்கி வந்ததும் பலர் கேட்கும் கேள்வி, “ரெண்டுலயும் கனெக்டட்னு காட்டுது, சத்தம் ஒண்ணுலதானே வருது?” என்பது. அது பழுதல்ல. இரண்டோடும் தொடர்பில் இருப்பது வேறு, இரண்டையும் ஒருசேர ஒலிப்பது வேறு. பெரும்பாலான ஹெட்போன்கள் முதலாவதை மட்டுமே செய்கின்றன. அதைச் செய்வதே பெரிய வேலை.

ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில். 2005இல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்தப் பகுதியில் உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டது. வீட்டு வைஃபை, கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு என எல்லாமே இங்கேதான் நெருக்கியடிக்கின்றன. வழக்கமான ப்ளூடூத் இதை 79 சிறு தடங்களாகப் பிரித்து, வினாடிக்கு 1,600 முறை வரை தடம் மாறிக்கொண்டே பேசுகிறது. ஒரு தடத்தில் தங்குவது சாதாரணமாக 625 மைக்ரோவினாடிதான். அடுத்து எந்தத் தடத்துக்குத் தாவுவது என்பதை இணைப்பை நடத்தும் கருவியின் முகவரியும் அதன் உள்கடிகாரமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன.

நிரம்பி வழியும் ரயில்பெட்டியில் அத்தனை இயர்பட்ஸ் ஒன்றையொன்று குழப்பாததன் காரணம் இதுதான். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித் தாவல் வரிசை. எப்போதாவது இரண்டு ஒரே தடத்தில் மோதினால், பாட்டின் அந்தத் துணுக்கு மறுபடி அனுப்பப்படும், காதுக்குத் தெரியாது. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை அடைத்துக்கொண்ட தடங்களைக் கண்டறிந்து ஒதுக்கிவிடவும் ப்ளூடூத் கற்றுக்கொண்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

இப்போது போன் ஒரு வரிசையில் தாவுகிறது, லேப்டாப் வேறொரு வரிசையில் தாவுகிறது. இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போவதில்லை. நடுவில் இருக்கும் ஹெட்போனிலோ ஒரே ரேடியோ. புறநகரில் இரண்டு சிறு கோயில்களுக்கு ஒரே குருக்கள் இருப்பதுண்டு. பூஜை நேரம் தவறாமல் இங்கேயும் அங்கேயும் ஓடுவார். ஹெட்போன் நுண்வினாடிகளில் அதைச் செய்கிறது. சும்மா இருக்கும் இணைப்பை அரைத்தூக்க நிலைக்குத் தள்ளி, குறித்த இடைவெளியில் மட்டும் எட்டிப் பார்த்து “ஏதாவது உண்டா?” என்று விசாரிக்கிறது. பேட்டரி பெரிதாகக் கரையாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

இரண்டு ஒலியும் ஒரே சமயத்தில் வந்தால் யாருக்கு முதலிடம்? பாட்டு தாமதத்தைத் தாங்கும். சிறிது சேமித்துவைத்து இசைக்கலாம். பேச்சு தாங்காது. அதனால் அழைப்புக்கென்று நேரத்துண்டுகள் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன, மிச்சத்தில்தான் மற்றவை. போன் அடித்தால் லேப்டாப் பாட்டு நிற்பது இப்படித்தான். ஆனால் லேப்டாப் மீட்டிங்கும் பல ஹெட்போன்களின் கணக்கில் ஓர் அழைப்பே. இரண்டு அழைப்புகள் மோதும்போது எது வெல்லும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதைத் தெளிவாக எழுதித் தராமல் விற்பது சரியல்ல என்பது என் கருத்து. வாங்கும்போதே கடையில் இரண்டையும் இணைத்துச் சோதித்துப் பார்க்கக் கேட்பது நம் உரிமை.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மீட்டிங் மென்பொருள் மைக்கைத் திறக்கிறது. அந்தக் கணமே ஒலி சப்பென்று ஆகிவிடும். இசைக்கான ஸ்டீரியோ வழி ஒருதிசை வழி. மைக் வேண்டுமென்றால் ஹெட்போன் அழைப்புக்கான வழிக்கு மாற வேண்டும். அங்கே ஒலி மோனோ. விநாடிக்கு 16,000 மாதிரிகள், பழைய முறையில் 8,000. அதாவது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், பழைய முறையில் 4,000க்கு மேலும் எதுவும் மிஞ்சாது. மிருதங்கத்தின் சாப்புக் கூர்மையிலும் வயலினின் மேல்சுரச் சாயலிலும் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. தப்பிக்க எளிய வழி உண்டு: லேப்டாப் அமைப்புகளில் மைக்காக ஹெட்போனைத் தேர்ந்தெடுக்காமல், லேப்டாப்பின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுங்கள். காதில் விழும் ஒலியின் தரம் குறையாது. அதேபோல், வாட்ஸ்அப் ‘டிங்’ ஒன்று வந்ததும் மீட்டிங் குரல் அறுபட்டால், போனின் அறிவிப்பு ஒலியை அடக்கிவிடுங்கள். ஹெட்போனுக்கு அந்த ‘டிங்’கும் ஒரு முழு ஒலியோட்டம்தான்.

இரண்டு கருவியும் காதைப் பிடித்துக்கொள்ளும்போது, காதுக்கு வெளியே இருக்கும் உலகம் மூன்றாவதாகிவிடுகிறது. இயர்போனோடு தண்டவாளம் கடந்து ரயிலில் அடிபட்டவர்களைப் பற்றிய செய்தி தாம்பரம் ரயில் தடத்திலிருந்து பலமுறை வந்திருக்கிறது. இரைச்சல் நீக்கும் வசதி மின்ரயிலின் ஓசையையும் மங்கவைக்கும். தண்டவாளத்தின் அருகில் இருக்கும்போதாவது ஒரு காதிலிருந்து இயர்பட்ஸைக் கழற்றுங்கள்.

அந்த வெளியுலகத்தையே காதுக்குள் கொண்டுவரும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட, ப்ளூடூத்தின் புதிய ஒலிமுறையான எல்இ ஆடியோவில் ‘ஆராகாஸ்ட்’ என்றொரு பகுதி உண்டு. ஒரே கருவி ஒலிபரப்ப, அருகிலுள்ள எத்தனை பேர் வேண்டுமானாலும் தம் இயர்பட்ஸிலோ காதுகேட்கும் கருவியிலோ கேட்கலாம். ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. நம் புறநகருக்கு இது பாட்டைவிட முக்கியம். முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. காதுகேட்கும் கருவியோடு அங்கே வந்துபோகிறவர் தாம்பரம் நிலையத்தில் நின்றால், பிளாட்பார மாற்ற அறிவிப்பு எதிரொலியிலும் கூட்டச் சத்தத்திலும் கரைந்துபோகிறது. அறிவிப்பு நேராக அவர் கருவிக்கே வந்துவிட்டால் ரயில் தவறாது. நிலையங்களைப் புதுப்பிக்கும்போது ஒலிபெருக்கியோடு சேர்த்து இந்த ஒலிபரப்பியையும் பொருத்த வேண்டும் என்று ரயில்வேயிடம் இப்போதே கேட்கலாம். கேட்பவர் கையிலுள்ள கருவியும் எல்இ ஆடியோ தெரிந்ததாக இருக்க வேண்டும். பல பழைய மாடல்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பால் மட்டும் அது வராது. எனவே அடுத்த முறை காதுகேட்கும் கருவி வாங்கும் குடும்பங்கள், விலையோடு இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.