பொம்மைப் பசுவின் வயிற்றிலே

பொத்தானை அழுத்தினால் கத்தும் பசு, கையைத் தட்டினால் வாலை ஆட்டிக்கொண்டு நடந்துவரும் நாய்க்குட்டி, நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளி, படத்தின்மேல் விரலை வைத்தவுடன் அந்தந்த மிருகத்தின் பெயரையும் குரலையும் ஒலிக்கும் பண்ணை வீடு என்று, பேட்டரியால் இயங்கும் பிராணிப் பொம்மைகள் பிறந்தநாள் விழாக்களிலும் திருவிழாக் கடைகளிலும் ஏராளமாகக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், குரலைக் கேட்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். அடிவயிற்றில் ஒரு சிறு திருகாணியால் மூடப்பட்டிருக்கும் பேட்டரி அறையைத் திறந்து பார்க்கிறவர்கள் மிகவும் அபூர்வம். அந்தப் பொம்மை வருஷக்கணக்கில் உழைப்பதும், நாலு வாரத்தில் ஊமையாவதும், சில சமயம் குழந்தையின் பிராணனுக்கே அபாயமாக முடிவதும் பெரும்பாலும் அந்த அறையைப் பொறுத்தவை என்பது என் அபிப்பிராயம்.

மின்கலத்துக்கும் பிராணிகளுக்கும் உள்ள சம்பந்தம் பொம்மைக்காரர்கள் உண்டாக்கியதன்று. இத்தாலியின் பொலோனா நகரத்தில் லூயிஜி கால்வானி என்ற உடற்கூற்று ஆசிரியர், அறுத்துவைத்த தவளையின் கால் இருவகை உலோகங்கள் பட்டவுடன் துடிப்பதைக் கண்டு, பிராணியின் உடம்பிலேயே மின்சாரம் ஊறுகிறது என்று 1791-இல் எழுதினார். அதை ஒப்புக்கொள்ளாத அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, துடிப்புக்குக் காரணம் உலோகங்களின் சேர்க்கையே என்று வாதாடி, அந்த வாதத்தின் பலனாகத் துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் மாறிமாறி அடுக்கி, 1800-இல் முதல் மின்கல அடுக்கை உலகத்துக்கு அளித்தார். மின்சாரம் பாய்ச்சி இரையை மரத்துப்போகச் செய்யும் மின் திருக்கை மீனின் அவயவத்துக்குத் தம் சாதனத்தை ஒப்பிட்டவரும் அவரே. பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே 1866-இல் துத்தநாகத்தையும் மாங்கனீஸ் டையாக்ஸைடையும் கொண்டு அமைத்த கலத்தின் வம்சத்தில் வந்ததுதான் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் சாதாரணப் பேட்டரிக் கட்டை.

பொம்மையின் உள்ளே இருக்கும் யந்திர அமைப்பு எளியது. ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. அதன் நடுவே கறுப்புப் பிசினை ஒரு துளி சொட்டி மூடிய சில்லு. அந்தச் சில்லில் முன்கூட்டியே பதிந்துவைத்த குரல்கள். பொத்தானுக்கு அடியிலுள்ள ரப்பர் குமிழின் கரிப்பூச்சு பலகையைத் தொட்டதும், சில்லு உரிய குரலைத் தேர்ந்து சிறு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நடக்கும் பொம்மையானால் இதனுடன் ஒரு மோட்டாரும், அதன் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களும் சேரும். 1998-இல் அமெரிக்காவில் வெளிவந்து, பேச்சுக் கற்றுக்கொள்வதுபோல் பாவனை செய்த ஃபர்பி என்ற பொம்மை, கண்ணிமை, காது, அலகு ஆகிய யாவற்றையும் ஒரே மோட்டாரால் அசைத்தது. எதையும் பதிவுசெய்யும் சக்தி இல்லாத அந்த அப்பாவிப் பிராணி ரகசியங்களை ஒட்டுக்கேட்டுத் திருப்பிச் சொல்லிவிடுமோ என்று பயந்து, அந்நாட்டுத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் அலுவலகங்களுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாதென்று தடை விதித்தது வேடிக்கையான சரித்திரம்.

மோட்டார் புறப்படும் அந்தக் கணத்தில்தான் மின்சாரத்தை மிக அதிகமாக இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் அப்போது மின்னழுத்தம் சட்டென்று விழுந்து, சில்லு செய்துகொண்டிருந்த காரியத்தை மறந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகையால் நாய்க்குட்டி ஓர் அடி வைத்து நின்று முதல் வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லும், அல்லது குதிரையின் கனைப்பு இழுபட்டு உறுமலாகிவிடும். பொம்மை கெட்டுவிட்டது என்று தீர்மானித்துக் குப்பையில் எறியப்படுகிறவற்றுள் பல, புதிய கட்டை போட்டால் பிழைக்கக்கூடியவை. கடையிலிருந்து வந்த நாளிலேயே ஊமையாக இருந்தால், பேட்டரி அறையிலிருந்து நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டை உருவ மறந்திருக்கலாம். ஒரே ஒரு குரலோடு நின்றுவிட்டால், அடியிலுள்ள சுவிட்ச் கடையில் மாதிரி காட்டும் நிலையிலேயே இருக்கலாம்.

கட்டை மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று பென்சில் செல்லில் ஒன்று மட்டும் தீர்ந்தது என்று அதை மட்டும் மாற்றுவது நம் வீடுகளில் சிக்கனமாகக் கருதப்படுகிறது. வரிசையாக இணைந்த கலங்களில் பலவீனமானது முதலில் தீர்ந்துபோக, மற்றவை அதன் வழியே மின்சாரத்தைப் பலவந்தமாகச் செலுத்த, அது உள்ளே வாயு சேர்ந்து கசியத் தொடங்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், ஒரே வகையாக மாற்றுவதே உசிதம். சார்ஜ் செய்யக்கூடிய செல்கள் ஒன்றரை வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட் மட்டுமே தருவதால் சில பொம்மைகளில் மந்தமாகவே வேலை செய்யும். பொம்மையோடு வரும் காகிதம் அவற்றைக் கூடாதென்று சொன்னால் அதற்குக் கீழ்ப்படிவது நல்லது.

பள்ளி திறந்து, பொம்மை பரண்மேல் ஏறும்போது கட்டைகளை எடுத்துவிட வேண்டும். சாதாரணக் கட்டையில் துத்தநாகக் குப்பியே கலத்தின் ஒரு முனையாக இருந்து நாளடைவில் கரைந்து ஓட்டை விழுகிறது. ஆல்கலைன் கட்டையிலிருந்தோ பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்ற கடுமையான காரம் கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. அந்தப் பொடியை வெறுங்கையால் தொடலாகாது. குழந்தையை அப்பால் அனுப்பிவிட்டு, கையுறை அணிந்து, பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்து ஸ்பிரிங்கையும் எதிர்த் தகட்டையும் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி ஒற்றியெடுத்து நன்றாக உலரவிட்டால், துரு தின்றுவிடாத பொம்மை மீண்டும் பேசும்.

இதுவரை சொன்னவையெல்லாம் பணநஷ்டத்தைப் பற்றியவை. பட்டன் செல் விஷயம் அப்படிப்பட்டதன்று. சாவிக்கொத்தில் தொங்கும் கத்தும் கோழிக்குஞ்சு, பக்கம் புரட்டினால் யானை பிளிறும் அட்டைப் புத்தகம் முதலிய மலிவான சரக்குகளில் இருப்பது இந்தச் செல்தான். இவற்றுள் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று வோல்ட் லித்தியம் வகை சிறு குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரத்தை உற்பத்திசெய்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை வேகவைத்துவிடும். தீர்ந்துபோனதென்று மேஜைமேல் போட்ட செல்லுக்கும் இந்தச் சக்தி மிச்சமிருக்கும். விழுங்கியதைக் கண்டவர் யாருமில்லாமல், குழந்தை எச்சில் வடிய, சாப்பாட்டை மறுத்து, இருமிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். எந்த அறிகுறியுமே இல்லாமலும் இருக்கக்கூடும். எக்ஸ்ரே படத்தில் நாணயம்போல் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. விளிம்பிலே இரட்டை வளையம் தெரிந்தால் அது பட்டன் செல் என்று வைத்தியர்கள் அறிவார்கள். வாந்தி எடுக்கச் செய்யாமல், ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளாக இருந்தால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு முறைக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்று அமெரிக்க விஷமுறிவு மையத்தின் ஆலோசனை கூறுகிறது. தேனைத் தேடுவதில் மட்டும் நேரத்தைக் கழிக்கக் கூடாது. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

ஆதலால் வாங்கும்போதே மூடியைப் பார்ப்பது கடமை. நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும் பட்டன் செல் பொம்மையை, அது எத்தனை அழகாகப் பேசினாலும், கடையிலேயே விட்டுவிட்டு வருவது விவேகம். திருகாணி இருந்தே தீர வேண்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மின்சாரத்தால் இயங்குகிறவற்றுக்குரிய தர நிர்ணயத்தின் எண் 15644. முத்திரையின் கீழே அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இட்டுப் பார்த்தால் அசலா போலியா என்பது தெரிந்துவிடும்.

இனி, ‘கல்விப் பொம்மை’ என்று பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாக்குறுதியைப் பற்றி. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் அன்னா சோசா என்ற ஆராய்ச்சியாளர் 26 தாய்தந்தையர்களைக்கொண்டு, பத்து முதல் பதினாறு மாதம் வரையுள்ள அவர்களுடைய குழந்தைகளோடு வீட்டில் விளையாடும்போது எழும் பேச்சைப் பதிவுசெய்து, 2015-இன் இறுதியில் முடிவை வெளியிட்டார். மின்னணுப் பொம்மைகளின் வரிசையில் ஒரு பேசும் பண்ணையும் இருந்தது. பொம்மை பேசியபோது பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். புத்தகத்தைப் பிரித்து வைத்தபோது அதிகம் பேசினார்கள், குழந்தையும் பதிலுக்கு அதிகம் மழலையாடியது. நம் வீட்டுத் திண்ணையிலும் இதுவே நடக்கிறது. பொம்மை ஒருமுறை கத்தியதும் சுவிட்சை நிறுத்திவிட்டு, மாடு எங்கே படுத்திருக்கும், என்ன தின்னும் என்று பாட்டியோ மாமாவோ கேட்டுப் பேசினால்தான் அந்தக் குரலால் பிரயோஜனம். குழந்தையைச் சும்மா இருத்திவைப்பதற்காகவே அதை அலறவிடுவது எந்த விதத்தில் கல்வியென்று எனக்கு விளங்கவில்லை. குரல் செவியைத் துளைப்பதாக இருந்தால், ஸ்பீக்கர் துளைகளின்மேல் செலோடேப் ஒட்டினால் அடங்கும். குழந்தைகள் பொம்மையைக் காதோடு அணைத்துக்கொள்பவை என்பதை நினைத்தால் இது அற்பமான உபாயமன்று.

சுத்தம் செய்வதில் அதிக சிரமமில்லை. பிளாஸ்டிக் பிராணியைச் சோப்புநீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கலாகாது. பஞ்சடைத்த கரடியானால், பேட்டரிப் பெட்டியைக் கழற்ற வழியிருந்தால் ஒழிய வாஷிங் மெஷினில் போடக் கூடாது. நடக்கும் நாயின் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும் தலைமயிரையும் நூலையும் இடுக்கியால் அவ்வப்போது எடுத்துவிட்டால் மோட்டார் திணறாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் காலைப் பிடித்து நிறுத்துவது குழந்தைகளுக்கு மகா ஆனந்தம். பற்சக்கரத்தின் பல் உடைவதும் அந்த ஆனந்தத்தில்தான். யு.எஸ்.பி. கம்பியால் சார்ஜ் ஆகும் புது வகைகளைத் தலையணைமேலோ ஆள் தூங்கும்போதோ சார்ஜில் விடக் கூடாது. வயிறு உப்பிய பொம்மையை உடனே உபயோகத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.

தீர்ந்த கட்டைகளை அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடக் கூடாது. பட்டன் செல்லானால் இருபுறமும் டேப் ஒட்டித் தனியே வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கலாம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. உண்மையாகவே செத்துப்போன பொம்மை வீட்டில் இருந்து, பத்து வயதுப் பையனோ பெண்ணோ இருந்தால், கட்டைகளை முதலில் எடுத்துவிட்டு ஒரு ஸ்டார் திருப்புளியைக் கையில் கொடுத்து, பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்துகொண்டு, அந்தப் பசுவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம்; ஸ்பீக்கரின் பின்னாலிருக்கும் காந்தம் ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதுமான விளையாட்டுச் சாமான்.