தோள் வலிக்குக் கட்டா?

கே.ஜி.கண்டிகைப் பக்கம் யாராவது மரத்திலிருந்து விழுந்துவிட்டால், "புத்தூருக்குக் கொண்டு போ!" என்பார்கள். ஆந்திராவில் உள்ள அந்த ஊரின் எலும்பு முறிவுக் கட்டு பேர்போனது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. அவ்வளவுதான்!

ஆனால், தோள் மூட்டு நழுவினால் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்ளே எலும்பும் முறிந்திருக்கிறதா என்பது தடவிப் பார்த்தால் தெரியாது. சில மணி நேரத்துக்குள் மூட்டைப் பொருத்துவது நல்லது. கை மரத்தாலோ, சில்லிட்டாலோ தாமதம் கூடவே கூடாது. திருத்தணியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறதே!

அடிபடாமலே தோள் இறுகிப் போவதும் உண்டு. தலை வாரக்கூடக் கை எழும்பாது. நீரிழிவுக்காரர்களுக்கு இது அதிகம். இதற்குக் கட்டுப் போட்டால் தோள் இன்னும் இறுகும். குணமாக ஓரிரு வருஷம்கூட ஆகலாம். டாக்டரிடம் காட்டிவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு போல மேலே ஏற்றிப் பழகுங்கள்.