மீட்புக்குப் பின் என்ன? துணையின்றி வந்த குழந்தைகளும் சமூகப்பணியாளரின் பொறுப்பும்

‘தொடர்வண்டி நிலையத்தில் வடமாநிலச் சிறுவர்கள் மீட்பு’ என்ற தலைப்பை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். எத்தனை பேர், எந்த வண்டி, அழைத்து வந்த தரகர் கைதானாரா என்பவற்றோடு செய்தி முடிந்துவிடுகிறது. 2018 முதல் 2024 மே மாதம் வரை 84,119 குழந்தைகளை மீட்டதாக இரயில்வே பாதுகாப்புப் படை தெரிவித்துள்ளது. வீட்டைவிட்டு ஓடி வந்தோர், வழிதவறியோர், வேலைக்காகக் கடத்தப்பட்டோர் என அனைவரும் இந்த எண்ணிக்கையில் அடங்குவர். மீட்கப்பட்ட மறுநாள் அக்குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இவ்வெண் சொல்வதில்லை.

பெற்றோரோ உறவினரோ உடனின்றி வேலைக்காகவோ அடைக்கலம் தேடியோ இடம்பெயரும் குழந்தைகளோடு பணியாற்றுவதற்கு உதவும் ஒரு துறை உண்டு. ஆங்கிலத்தில் ‘கிளினிக்கல் சோஷியல் ஒர்க்’ எனப்படும் இதனை, உளநலம் சார்ந்த சமூகப்பணி எனலாம். குழந்தையின் மனநிலையையும் அது வளர்ந்த சமூகச் சூழலையும் சேர்த்தே மதிப்பிட்டு, இரண்டிலும் தலையிடுவது இத்துறையின் இயல்பு. வழக்கறிஞர்களாகிய நாங்கள் இதில் அக்கறை கொள்வதற்குக் காரணம் உண்டு. இக்குழந்தைகளின் வழக்குகளில் நீதி கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரும்பாலும் நீதிமன்றத்தை அடைவதற்கு முன்பே, சமூகப்பணியாளர் எழுதும் அறிக்கையில் முடிவாகிவிடுகிறது.

சட்டம் வகுத்துள்ள பாதை

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன்படி, துணையின்றிக் கண்டறியப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 31). ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழு, சமூகப் புலனாய்வுக்கு உத்தரவிடுகிறது. அப்புலனாய்வு 15 நாள்களுக்குள் முடிய வேண்டும். குழந்தை முதன்முதலில் குழுவின் முன் நிறுத்தப்பட்டதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும் (பிரிவு 36). அதன் பின்னர், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டத்தின் அடிப்படையில் மறுவாழ்வு அமைய வேண்டும் (பிரிவு 39).

இந்தப் பதினைந்து நாள்கள்தாம் சமூகப்பணியாளருக்குரியவை. குழந்தை எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார், என்ன வாக்குறுதி தரப்பட்டது, வேலையிடத்தில் என்ன நடந்தது, திருப்பி அனுப்பினால் அது பாதுகாப்பாக இருக்குமா என்ற கேள்விகளுக்கு இக்காலத்திற்குள் விடை காணப்பட வேண்டும். நடைமுறையிலோ, ஒரே நாளில் ஒரே மாதிரியான வாசகங்களோடு ஒரு குழுவாக வந்த சிறுவர்கள் அனைவருக்கும் அறிக்கை எழுதப்படுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ‘குடும்ப வறுமை காரணமாக வேலைக்கு வந்துள்ளார், பெற்றோரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற இரண்டு வரிகளில் ஒரு குழந்தையின் வாழ்வு முடித்துவைக்கப்படுகிறது.

குழந்தை ஏன் பேசுவதில்லை?

மீட்கப்பட்ட குழந்தை நன்றியோடு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. தரகர் பெரும்பாலும் ஊர்க்காரராகவோ உறவுமுறை சொல்லி அழைக்கப்படுபவராகவோ இருப்பார். ‘கேட்டால் வயது பதினெட்டு என்று சொல்’ என்று பயிற்றுவித்திருப்பார். பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பது குழந்தைக்குத் தெரியும். எனவே, சீருடை அணிந்தவர்கள் வண்டியிலிருந்து இறக்கி அழைத்துச் செல்வது, அக்குழந்தையின் கண்ணுக்கு இன்னொரு கடத்தலாகவே படுகிறது. வேலை போயிற்று, கூலி வரவில்லை, கடன் அப்படியே இருக்கிறது, வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும் என்ற குற்றவுணர்வே அதன் மனத்தை முதலில் அழுத்துகிறது.

இந்த அழுத்தம் சொற்களாக வெளிப்படுவது குறைவு. உறக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், காரணம் தெரியாத வயிற்றுவலி, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், உணவை ஒளித்துவைத்தல், திடீர்ச் சினம் ஆகியவையாக அது வெளிப்படும். இல்லப் பணியாளர்கள் இவற்றை ‘அடங்காத பிள்ளை’ என்ற ஒரே பெயரில் அழைத்துத் தண்டிப்பதும் உண்டு. பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் இவற்றை அச்சத்தின் அடையாளங்களாக வாசிப்பார். முதலில் உணவு, உறக்கம், வீட்டாரோடு தொலைபேசியில் பேசும் வாய்ப்பு ஆகியவற்றை உறுதிசெய்வார். அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழந்தைக்குப் புரியும் சொற்களில் ஒவ்வொரு நாளும் விளக்குவார். காவலர், குழு உறுப்பினர், தொழிலாளர் துறை அலுவலர், ஆற்றுப்படுத்துநர் என ஒவ்வொருவரிடமும் அதே துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் கொடுமையைத் தடுப்பார்.

மொழி இதில் முதன்மையானது. பீகாரிலிருந்து வரும் குழந்தை மகஹியோ போஜ்புரியோ மைதிலியோ பேசலாம். ஜார்க்கண்டிலிருந்து வரும் குழந்தை சந்தாலியோ சாத்ரியோ பேசலாம். ‘வடநாட்டுப் பிள்ளை’ என்று கருதி உடைந்த இந்தியில் நடத்தப்படும் விசாரணை, விசாரணையே ஆகாது. மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு உண்டு. ஒப்பந்தக்காரரின் ஆளையே மொழிபெயர்க்க அமர்த்துவது, சாட்சியத்தை எதிர்த்தரப்பிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

சாதி எங்கே பதிவாகிறது?

ஜெய்ப்பூரின் அரக்கு வளையல் பட்டறைகளுக்குப் பீகாரின் கயா முதலிய மாவட்டங்களிலிருந்து சிறுவர்கள் கொண்டுசெல்லப்படுவது பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. அவர்களில் முசஹர் சமூகக் குழந்தைகள் கணிசமானோர். தமிழ்நாட்டின் கதையும் வேறன்று. இருளர் குழந்தைகள் முன்பணத்திற்கு ஈடாக வாத்து மேய்க்க அனுப்பப்படுகின்றனர்; உசிலம்பட்டிப் பகுதிச் சிறுவர்கள் பிற மாநிலங்களின் முறுக்குப் பட்டறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். நிலமின்மை, கடன், பள்ளியிலிருந்து விரட்டப்படுதல் ஆகியவை எந்தக் குடும்பங்களின் மீது குவிகின்றனவோ, அந்தக் குடும்பங்களின் குழந்தைகளே தரகரின் கைக்கு எட்டுகின்றனர்.

ஆயினும் அறிக்கைகளில் சாதி ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுகிறது. பள்ளியை ஏன் விட்டாய் என்று கேட்டு, ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று எழுதிக்கொள்கிறார்கள். வகுப்பில் தனியே அமர்த்தப்பட்டதையோ கழிவறை கழுவச் சொல்லப்பட்டதையோ அக்குழந்தை சொல்வதற்கான இடம் தரப்படுவதில்லை. சாதியைக் கேட்கத் தெரியாத சமூகப்பணி, காயத்தின் காரணத்தை விட்டுவிட்டு அதன் வலியை மட்டும் அளக்கிறது.

இதற்குச் சட்ட விளைவும் உண்டு. வன்கொடுமைகள் தடுப்புச் சட்டம், 1989-இன் பிரிவு 3(1)(எச்), பட்டியல் சாதி அல்லது பட்டியல் பழங்குடியைச் சேர்ந்தவரை, அவ்வகுப்புகளைச் சேராதவர் கட்டாய உழைப்பிலோ கொத்தடிமை உழைப்பிலோ ஈடுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே நிவாரணத்தின் ஒரு பகுதி வழங்கப்பட வேண்டும். ‘அவர் வேறு மாநிலத்தின் பட்டியல் சாதியினர், இங்கு இச்சட்டம் பொருந்தாது’ என்ற வாதம் காவல் நிலையங்களில் எழும். இடம்பெயர்ந்து செல்வதால் இச்சட்டத்தின் பாதுகாப்பு அற்றுப்போகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆனால், குழந்தையின் சமூகம் ஆவணத்தில் இடம்பெறாத வரை இந்தத் தீர்ப்பை எடுத்துரைக்கவே வழியில்லை.

வீடு திரும்புதல்

நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி, குடும்பத்தோடு இணைதலே முதன்மை என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு (பிரிவு 3). அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், பிறந்த மாவட்டத்திற்குக் குழந்தையை மாற்றுவதற்கு முன் உரிய விசாரணை வேண்டும் என்பதையும், அது குழந்தையின் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் வலியுறுத்துகிறது (பிரிவு 95). கடன் தீராத வீட்டிற்கு, தரகர் வாழும் அதே தெருவிற்குக் குழந்தையை அவசரமாக அனுப்பினால், அடுத்த வண்டியில் அது வேறொரு நகரத்திற்கு ஏற்றப்படும்.

இங்குதான் உளநலப் பணியும் சட்டப் பணியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976-இன் பிரிவு 6, கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பை ரத்துசெய்கிறது. விடுவிப்புச் சான்றிதழ் கையில் கிடைத்தால் அந்தக் குடும்பம் கடன்காரரிடம் நிமிர்ந்து பேச முடியும். ஒன்றிய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், குழந்தைக்கு மொத்தமாக 2 லட்சம் ரூபாயும், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானோர்க்கு 3 லட்சம் ரூபாயும் பெற வழியுண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. ‘உன் தவறால் கடன் நிற்கவில்லை, அந்தக் கடனே சட்டப்படி செல்லாது’ என்று சான்றிதழைக் காட்டிச் சொல்ல முடிவது, பல அமர்வு ஆற்றுப்படுத்தலை விடவும் குழந்தையின் குற்றவுணர்வைத் தணிக்கும்.

எல்லை கடந்து வந்த குழந்தைகள்

ரோஹிங்கியா குழந்தைகள் போன்று நாட்டெல்லை கடந்து வந்தோரின் நிலை இன்னும் கடினமானது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால், 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பையும், குடும்பத்தைத் தேடிக் கண்டறிய உதவியையும் வழங்கும்படி கூறுகிறது. இளைஞர் நீதிச் சட்டமோ, பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என வரையறுக்கையில் குடியுரிமையைக் கேட்பதில்லை. எனவே, துணையற்ற அகதிக் குழந்தையை வெளிநாட்டினர் குறித்த சட்டங்களின் கண்ணால் மட்டும் பார்ப்பது தவறு. குழந்தைகள் நலக்குழுவே அதன் முதல் வாசலாக இருக்க வேண்டும்.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் உளநலப் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுதோறும் மாறுபவர்களால் தொடர் கண்காணிப்பு இயலாது. இரண்டாவதாக, அப்பணியில் தலித், பழங்குடிப் பெண்களும் ஆண்களும் உரிய அளவில் அமர்த்தப்பட வேண்டும். மூன்றாவதாக, விடுவிப்புச் சான்றிதழ், நிலுவைக் கூலி, வன்கொடுமை நிவாரணம் ஆகிய மூன்றின் நிலையையும் குறிப்பிடாமல் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப ஆணையிடக் கூடாது. நான்காவதாக, மீட்கப்பட்ட குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து வெளியிடும் வழக்கம் ஒழிய வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் (பிரிவு 74) என்பதைக் காவல்துறையும் ஊடகங்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை. உங்கள் மாவட்டத்தில் மீட்புச் செய்தி ஒன்று வெளியாகும்போது, அக்குழந்தைகளுக்குத் தனித்தனியே சமூகப் புலனாய்வு நடந்ததா, எத்தனை பேருக்கு விடுவிப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பெயர்களைக் கேட்க வேண்டாம். எண்ணிக்கையைக் கேட்டாலே போதும்.