மரங்களின் மகரந்தமும் வானிலையும்

சவுக்குத் தோப்பு பூத்திருக்கும் நாட்களில், நண்பகல் வேளையில் ஒரு கிளையின் நுனியைத் தட்டிப் பார்த்தால் மெல்லிய தூள் உதிர்வதைக் காணலாம். அதே கிளையை விடியற்காலையில், பனி ஈரம் காயாதபோது தட்டினால் தூள் அவ்வளவாக உதிர்வதில்லை. மரம் ஒன்றே, பூவும் ஒன்றே. வேறுபட்டது வானிலை மட்டுமே. இந்தச் சிறிய நிகழ்ச்சியில் விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

உதிரும் அத்தூள் மகரந்தமாகும். அது பெண் பூவைச் சென்றடைந்தால்தான் காயும் விதையும் உண்டாகும். புங்கு, புளி போன்ற மரங்களின் மகரந்தத்தைத் தேனீக்களும் பிற பூச்சிகளும் சுமந்து செல்கின்றன. ஆகையால் அம்மரங்களின் பூக்களில் நிறமும் மணமும் தேனும் இருக்கின்றன. சவுக்கு மரமோ காற்றையே நம்பி வாழ்கிறது. அதன் பூவில் அழகான இதழ்கள் இல்லை, தேனும் இல்லை. காற்று எத்திசையில் வீசும் என்பது நிச்சயமில்லாததால், காற்றை நம்பும் மரங்கள் மகரந்தத்தை மிக ஏராளமாக உண்டாக்குகின்றன. அதில் பெண் பூவை அடைவது சிறு பகுதியே. எஞ்சியது நிலத்திலும் நீரிலும் விழுகிறது. மனிதரின் மூக்கிலும் கண்ணிலும் புகுகிறது.

சிலருடைய உடல், தீங்கற்ற இத்தூளைப் பகையாகக் கருதி எதிர்க்கிறது. இதனையே ஒவ்வாமை என்கிறோம். ஓயாத தும்மல், மூக்கில் நீர் வடிதல், கண் அரிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலும் உண்டாகலாம்.

மகரந்தப் பை திறக்கும் விதம்

ஆண் பூவில் உள்ள சிறு பைகளில் மகரந்தம் நிறைந்திருக்கிறது. பையின் சுவர் ஈரமாக இருக்கும்வரை அது மூடியே இருக்கும். வெயில் ஏறி, காற்றின் ஈரம் குறையும்போது, சுவர் காய்ந்து சுருங்கிப் பிளவுபடுகிறது. நன்கு காய்ந்த எள்ளுக்காய் வெடித்து விதையைச் சிதறுவதை நாம் வயலில் காண்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதைப்போன்றதே இதுவும். ஆகவே பனி பெய்த காலையிலும், மேகமூட்டமுள்ள ஈர நாளிலும் மகரந்தம் குறைவாகவே வெளிப்படும். வெயிலும் வறட்சியும் சேர்ந்த நாளில் மிகுதியாக வெளிப்படும்.

காற்றின் பணியும் மழையின் பணியும்

பை திறந்த பிறகு காற்று கிளையை அசைத்து மகரந்தத்தை வெளியே எடுத்துச் செல்கிறது. ஒரு மகரந்த மணியின் பருமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் சுமார் 30-இல் ஒரு பங்கே. அதனால் அது நிலத்தில் விழ நெடுநேரம் ஆகிறது. பகலில் வெயிலால் சூடேறிய தரையிலிருந்து வெப்பக் காற்று மேலெழும்பும்போது மகரந்தமும் உடன் உயர்ந்து, பல மைல் தூரம் செல்கிறது. மாலையில் தரை குளிர்ந்ததும் மேலெழும் காற்று ஓய்கிறது. உயரத்தில் இருந்த தூள் மெல்லக் கீழே இறங்குகிறது. காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே கலக்காமல் தங்கிவிடுவதால், தூளும் அதனுடன் தங்குகிறது.

மழை காற்றைக் கழுவுகிறது. நிதானமாகச் சில மணி நேரம் பெய்த மழைக்குப் பின் காற்றில் மகரந்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மறுநாள் வெயில் அடித்துக் காற்றும் வீசினால், முதல் நாள் வெளிப்படாமல் நின்ற மகரந்தமும் சேர்ந்து மிகுதியாகப் புறப்படும்.

இடியுடன் வரும் திடீர் மழையின் தன்மை வேறு. அப்போது மகரந்த மணிகள் ஈரத்தை உறிஞ்சி வெடித்து நுண்துகள்களாகச் சிதறக்கூடும். முழு மணி மூக்கிலேயே தங்கிவிடும். நுண்துகளோ நுரையீரலின் உட்பகுதிவரை செல்லும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று வீசிய இடிப்புயலை அடுத்து ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலால் அவதியுற்றனர். பத்துப் பேர் உயிரிழந்தனர். அங்கே காரணமாயிருந்தது மரத்தின் மகரந்தமன்று, ஒருவகைப் புல்லின் மகரந்தம். ஆயினும், காற்றில் பறக்கும் மகரந்தத்தின் மீது வானிலைக்கு உள்ள வலிமையை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது.

ஜப்பான் நாட்டின் அனுபவம்

மரங்களைப் பொறுத்தவரை இப்பாடத்தை மிகத் தெளிவாகக் கற்றுத்தரும் நாடு ஜப்பான். போர்க்காலத்தில் அங்கே மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. வெள்ளத்தையும் மண் அரிப்பையும் தடுக்கவும், வீடு கட்ட மரம் பெறவும், 1950-களிலும் அதன் பின்னரும் ‘சுகி’ என்னும் ஊசியிலை மரத்தை மலைமலையாக நட்டார்கள். நோக்கம் நல்லதே. இன்று சுகித் தோட்டங்கள் சுமார் 44 லட்சம் ஹெக்டேர் பரப்பில் இருக்கின்றன. பின்னர் வெளிநாட்டு மரம் மலிவாகக் கிடைத்ததால், வளர்ந்த மரங்களுள் பெரும்பகுதி வெட்டப்படாமல் நின்றது. வயது முதிர முதிர அவை மிகுதியாகப் பூக்கத் தொடங்கின.

சுகி மகரந்தத்தால் வரும் நோயைப் பற்றி மருத்துவர்கள் முதன்முதலாக 1964-இல் எழுதினார்கள். நாடு முழுவதும் எடுத்த கணக்கில், 1998-இல் 100-க்குச் சுமார் 16 பேருக்கு இருந்த இந்நோய், 2019-இல் சுமார் 39 பேருக்கு இருந்தது.

அங்கே வானிலையைக் கொண்டே மகரந்தத்தின் வரவைக் கணிக்கிறார்கள். கோடையில், குறிப்பாக ஜூலையில், வெயிலும் வெப்பமும் மிகுந்திருந்தால் ஆண் பூ மொட்டுகள் ஏராளமாகத் தோன்றும். அடுத்த ஆண்டின் மகரந்தம் பெருகும். குளிர்காலத்தில் மொட்டுகள் உறங்கும். ஜனவரி முதல் நாள்தோறும் கூடிவரும் வெப்பத்தைக் கணக்கிட்டு, பிப்ரவரியில் பூக்கள் என்று திறக்கும் என்பதை முன்கூட்டியே சொல்கிறார்கள். பிறகு நாள்தோறும் மழை அறிவிப்பைப் போலவே மகரந்த அறிவிப்பும் வெளியாகிறது. நோயாளிகள் அதைக் கேட்டு முகமூடி அணிந்தே வெளியே செல்கிறார்கள்.

எனினும், அறிவிப்பு எச்சரிக்கையே தவிர தீர்வாகாது. வெயிலையும் காற்றையும் யாரும் கட்டுப்படுத்த இயலாது. ஆகவே ஜப்பானிய அரசாங்கம் மரத்தின் பக்கம் திரும்பியது. சுகித் தோட்டங்களை வெட்டிக் குறைத்து, மகரந்தம் குறைந்த நாற்றுகளை நட்டு, சுமார் 30 ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவதென 2023-இல் திட்டம் வகுத்தது. சில பத்தாண்டுகளில் நட்டதைத் திருத்த மேலும் ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது.

நம் கிராமங்களில் செய்யத்தக்கவை

நம் நாட்டில் அத்தகைய நிலை இல்லை. சவுக்கு நமக்கு வேண்டாத மரமுமன்று. அது கடற்கரை மணலைக் காக்கிறது. உழவருக்குப் பணம் தருகிறது. ஆனால் அதன் மகரந்தமும் சிலருக்கு ஒவ்வாமை தரவல்லது. எனவே மரம் நடும் திட்டங்களை வகுக்கும் பஞ்சாயத்துகள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம்.

முதலாவது, ஊர்ப் பொது நிலம் முழுவதிலும் ஒரே வகை மரத்தை நடலாகாது. பலவகை மரங்களைக் கலந்து நட்டால் எந்த ஒரு மகரந்தமும் அளவு மீறாது.

இரண்டாவது, பள்ளி, குழந்தைகள் மையம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் அருகே புங்கு, புளி, மகிழம் போன்ற, பூச்சிகளை நாடிப் பூக்கும் மரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றின் மகரந்தம் காற்றில் அதிகம் பரவுவதில்லை, நிழலும் கிடைக்கும்.

மூன்றாவது, சவுக்குத் தோப்பு அமைக்கும்போது, அது பூக்கும் காலத்தில் காற்று எத்திசையிலிருந்து குடியிருப்பை நோக்கி வீசுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கரையோரக் கிராமங்களில் பகலில் கடற்காற்று ஊருக்குள் வருவதை யாவரும் அறிவர்.

நான்காவது, பூக்கும் பருவத்தில் தும்மலாலும் இளைப்பாலும் துன்புறுவோர், வெயிலும் காற்றும் மிகுந்த நண்பகலில் தோப்பு வேலையைத் தவிர்த்து, ஈரமுள்ள காலை வேளையில் வேலை செய்யலாம். வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். துவைத்த துணியைத் தோப்பின் ஓரத்தில் உலர்த்தலாகாது. மூச்சுத் திணறல் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இன்று நடும் கன்று நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் நிற்கும். அது பூக்கும்போது எத்தகைய வெயில் அடிக்கும், எத்திசையில் காற்று வீசும் என்பது நம் கையில் இல்லை. எந்த மரத்தை எந்த இடத்தில் நடுவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் மரக்கன்றுகளின் பட்டியலைத் தயாரிக்கும்போது, உறுப்பினர்கள் இதனையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.