பேரிடர் வேளையில் மாற்றுச் சேர்வர்: அலுவலகப் பணி நிற்காமல் திருப்பிவிடும் முறை

அலுவலகத்தின் பிரதான சேர்வர் செயலிழந்தால், அதை நம்பியிருக்கும் கணினிகளை வேறிடத்தில் தயாராக உள்ள மாற்றுச் சேர்வருக்குத் திருப்பிவிடுவது பேரிடர் மீட்பின் முக்கியமான படி. பழுதான சேர்வரைச் சீர்செய்ய நாட்கள் ஆகலாம். முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால், பயனாளர்களைத் திருப்பிவிடச் சில நிமிடங்கள் போதும்.

பசறை உள்ளிட்ட ஊவா மலைப்பிரதேசத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் தேவை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகள் மண்சரிவில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது பதுளை மாவட்டத்தின் பல பகுதிகளில் பாதைகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. நிவாரணக் கொடுப்பனவுக்காகவும் தொலைந்த ஆவணங்களுக்காகவும் மக்கள் பிரதேச செயலகத்தை அதிகம் நாடுவது இத்தகைய நாட்களில்தான்.

பெயரும் முகவரியும்

வலையமைப்பில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. கணினிகளில் அந்த எண்ணையே நேரடியாகப் பதிந்து வைத்தால், பேரிடர் வேளையில் ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பொதுப் பெயர் வழியாகவே சேர்வரை அடையும்படி கணினிகளை அமைக்க வேண்டும். அந்தப் பெயருக்குரிய எண்ணைச் சொல்வது டி.என்.எஸ். சேவை. அதில் உள்ள பதிவை மாற்றினால் எல்லோரும் புதிய சேர்வருக்குச் செல்வார்கள்.

ஆனால் கணினிகள் ஒருமுறை அறிந்த முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு நினைவில் வைத்திருக்கும். அந்தக் காலம் 86,400 விநாடி என்று அமைந்திருந்தால், மாற்றம் எல்லோரையும் சென்றடைய ஒரு நாள் வரை ஆகலாம். அதை 300 விநாடியாகக் குறைத்தால் ஐந்து நிமிடம் போதும். இதை முன்னதாகவே செய்துவைக்க வேண்டும். சேர்வர் விழுந்த பின் குறைத்தால், பழைய முகவரியை ஏற்கெனவே நினைவில் வைத்துள்ள கணினிகளுக்கு அதனால் பயனில்லை. டி.என்.எஸ். சேவை பிரதான சேர்வரில் மட்டும் இயங்கினால் அதுவும் சேர்ந்தே நின்றுவிடும். அதற்கும் இரண்டாவது இடம் வேண்டும்.

தரவின் நிலை

மாற்றுச் சேர்வரில் தரவு இல்லையெனில் திருப்பிவிடுவதில் பொருளில்லை. எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழந்தால் தாங்க முடியும், எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்க முடியும் என்ற இரண்டையும் ஒவ்வோர் அலுவலகமும் முதலில் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு அடிக்கடி பிரதி எடுப்பது என்பதை முதலாவதும், மாற்றுச் சேர்வரை எந்த அளவு ஆயத்தமாக வைப்பது என்பதை இரண்டாவதும் முடிவுசெய்யும்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவை கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த காப்புப்பிரதிகளும் தாக்கப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு மீட்க முடியாமல் போனது. உடனுக்குடன் பிரதியெடுக்கும் சேர்வருக்குப் பிரதான சேர்வரின் சேதமும் உடனே சென்றுவிடும். எனவே வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்த பிரதி ஒன்று கட்டாயம் தேவை.

இடமும் இணைப்பும்

பசறையில் உள்ள அலுவலகத்தின் மாற்றுச் சேர்வரைப் பதுளை நகரில் வைத்தால், ஒரே மழை இரண்டையும் பாதிக்கலாம். வேறு மின்வழங்கலும் வேறு காலநிலையும் உள்ள தொலைவான மாவட்டமே பொருத்தம். சேர்வர் நலமாக இருந்தும் அலுவலகத்துக்கு வரும் கேபிள் அறுந்துபோவதும் உண்டு. அப்போது டி.என்.எஸ். மாற்றம் உதவாது. கைத்தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் ரவுட்டரும் பட்டரியும் இரண்டாவது வழியாக இருக்க வேண்டும். எல்லா இணைப்பும் அறுந்தால் பதிவேட்டில் கையால் எழுதிப் பின்னர் கணினியில் ஏற்றும் நடைமுறையும் வேண்டும்.

மாற்றமும் மீள்மாற்றமும்

திருப்பிவிடும்போது பழைய சேர்வரை முற்றாக நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவுகளை ஏற்றால் தரவு இரண்டாகப் பிரிந்துவிடும். பிரதான சேர்வர் சீரானதும், இடையில் சேர்ந்த பதிவுகளை அதில் ஏற்றிச் சரிபார்த்த பின்னரே பயனாளர்களை மீண்டும் அங்கே அனுப்ப வேண்டும்.

யார் முடிவெடுப்பது, யார் பதிவை மாற்றுவது, ஊழியர்களுக்கு எப்படி அறிவிப்பது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஆவணம் சேர்வருக்குள் மட்டும் இருந்தால் தேவையான நேரத்தில் கிடைக்காது. அச்சிட்டு வைப்பது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறையாவது, பருவமழைக்கு முன்னர், ஊழியர்களை உண்மையாகவே மாற்றுச் சேர்வரில் வேலை செய்யவைத்துப் பார்த்தால்தான் ஏற்பாட்டின் குறைகள் தெரியவரும்.