இன்சுலின் இருந்தும் சர்க்கரை இறங்காதது ஏன்?

நீரிழிவு நோயைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் நம் சமூகத்தில் அரிது. "இனிப்பு நீர்" என்றும் "சர்க்கரை வியாதி" என்றும் நாம் அழைக்கும் இந்நோய், மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இருந்தது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016ஆம் ஆண்டில் இந்நோய்க்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தது. இரு நாடுகளிலும் இந்தியர்களிடையே இந்நோய் மிகுந்து காணப்படுவது நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

இவ்வளவு பழகிப்போன நோயாக இருந்தும், அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதில் நமக்குத் தெளிவு குறைவு. "நிறைய இனிப்புச் சாப்பிட்டார், அதனால் வந்தது" என்பார் சிலர். "இன்சுலின் சுரக்கவில்லை, அவ்வளவுதான்" என்பார் வேறு சிலர். ஆனால் நடுத்தர வயதில் நீரிழிவு கண்ட பலரின் இரத்தத்தைச் சோதித்தால், நோயின் தொடக்கத்தில் இன்சுலின் குறையாமல் இருப்பதோடு, சில வேளைகளில் மிகுதியாகவும் இருக்கக் காண்கிறோம்! அப்படியானால் சர்க்கரை ஏன் இறங்கவில்லை? இந்த ஒரு வினாவுக்கு விடை தேடி அறிவியலறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர். அவர்கள் கண்ட விடையை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணையம் தந்த மருந்து

இரைப்பைக்குப் பின்புறம் அமைந்திருக்கும் சுரப்பி கணையம். 1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி, ஜோசப் வான் மேரிங் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்கு நீரிழிவு கண்டது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒரு பொருள் கணையத்தில் இருக்கிறது என்பது அன்றே புலனாயிற்று.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில், பிரடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து சாற்றை எடுத்தனர். ஜேம்ஸ் காலிப் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசிவழி செலுத்தப்பட்டது. அதுநாள் வரை இந்நோய் கண்ட சிறுவர்கள் உடல் மெலிந்து விரைவில் மாண்டுபோயினர். இச்சிறுவனோ பிழைத்தெழுந்தான். அம்மருந்தின் காப்புரிமையைப் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவுத் தொகைக்குப் பல்கலைக்கழகத்திடமே ஒப்படைத்தனர். பெருஞ்செல்வம் தரக்கூடிய ஒன்றைப் பொதுநலனுக்கு ஈந்த அச்செயல் என்றும் நினைவுகூரத்தக்கது.

தோன்றிய ஐயம்

மருந்து கிடைத்துவிட்டது, இனி நீரிழிவு ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1936ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் ஒரு புதுமையைக் கண்டார். நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் குளுக்கோஸைப் பருகக் கொடுத்து, இன்சுலினையும் ஊசியால் செலுத்தினார். சிலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. வேறு சிலருக்கோ இன்சுலின் செலுத்தியும் சர்க்கரை ஏறியது. ஆகவே நீரிழிவில் இரு வகை உண்டு, ஒரு வகையில் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை என அவர் எழுதினார்.

அக்காலத்தில் இரத்தத்திலுள்ள இன்சுலினைத் துல்லியமாக அளக்க வழி இல்லை. அந்த வழியை நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பெண் இயற்பியலாளரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் 1950களின் இறுதியில் வகுத்தனர். அவர்கள் அளந்து பார்த்தபோது, நடுத்தர வயதில் நீரிழிவு கண்ட பலரிடம் இன்சுலின் போதிய அளவிலும், அதற்கு மேலும் இருந்தது. ஹிம்ஸ்வொர்த் சொன்னது உண்மையாயிற்று. யாலோவுக்கு 1977இல் நோபெல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டதால் அப்பெருமையில் பங்குபெற இயலவில்லை.

ஏற்பியைக் கண்டனர்

இன்சுலின் இரத்தத்தில் வந்து சேர்கிறது. அதன் வருகையை உயிரணு எப்படி அறிகிறது? உயிரணுவின் மேலுறையில் அதற்கென ஓர் இடம் இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்தையே ஏற்பி, அதாவது ரிசெப்டர், என்கிறோம்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் பியேர் பிரேஷே, ஜெஸ்ஸி ராத், டேவிட் நெவில் ஆகியோர் கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட இன்சுலினைக் கல்லீரல் உயிரணுக்களின் மேலுறையோடு சேர்த்துப் பார்த்தனர். அது குறிப்பிட்ட இடங்களில் சென்று பற்றிக்கொண்டது. வேறு ஹார்மோன்கள் அவ்விடங்களைப் பிடிக்கவில்லை. வலுக்குறைந்த இன்சுலின் வகைகள் வலுக்குறைவாகவே பற்றின. அதே ஆண்டில் பெட்ரோ குவாட்ரகசாஸ் என்பவரும் கொழுப்பு உயிரணுக்களில் இதையே காட்டினார். கற்பனையில் இருந்த ஏற்பி, அளந்து பார்க்கக்கூடிய பொருளாயிற்று.

பின்னர் வந்த ஆய்வுகள் அதன் வடிவத்தையும் தெளிவாக்கின. இன்சுலின் ஏற்பி நான்கு பகுதிகளைக் கொண்டது. இரண்டு உயிரணுவுக்கு வெளியே நின்று இன்சுலினைப் பற்றுகின்றன. மற்ற இரண்டும் மேலுறையைத் துளைத்து உள்ளே செல்கின்றன. வெளியே இன்சுலின் பற்றியதும் உள்ளே இருக்கும் பகுதி விழித்தெழுந்து, தன்மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது என்பதை 1982இல் மசாட்டோ கசுகா, ரொனால்ட் கான் ஆகியோர் அறிவித்தனர். 1985இல் இந்த ஏற்பியின் மரபணுவும் படித்தறியப்பட்டது.

வாயில் மணி

இன்சுலினைச் சாவி என்றும் ஏற்பியைப் பூட்டு என்றும் சொல்வது வழக்கம். வாயில் மணி என்ற உவமை இன்னும் பொருந்தும். விருந்தினர் மணியை அழுத்துகிறார். ஓசை உள்ளே கேட்கிறது. வீட்டிலுள்ளவர் எழுந்து வந்து கதவைத் திறக்கிறார். இன்சுலின் அழுத்துவது மணியை மட்டுமே. கதவு வேறு. தசையிலும் கொழுப்பிலும் அந்தக் கதவு "குளூட்-4" என்னும் புரதம். இன்சுலின் இல்லாதபோது அது உயிரணுவுக்குள் அடங்கிக் கிடக்கும். மணி ஒலித்ததும் மேலுறைக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும்.

இவ்வுவமையைக் கொண்டு நீரிழிவின் வகைகளைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, விருந்தினரே வராத நிலை. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுகிறது. இதுவே முதல் வகை நீரிழிவு. பெரும்பாலும் இளம் வயதில் தோன்றும் இதற்கு இன்சுலின் ஊசியே உயிர்.

இரண்டாவது, மணியே பழுதான நிலை. ஏற்பியின் மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்கள் மிகச் சிலர். ஏற்பிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்பவர்களும் மிக அரிது. ஆயினும் இவர்களை ஆராய்ந்ததால்தான் ஏற்பியின் பணி ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று.

மூன்றாவது, மணிகள் குறைந்த நிலை. இரத்தத்தில் இன்சுலின் எப்போதும் மிகுந்திருந்தால், உயிரணு தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பருமனானவர்களிடம் இது காணப்பட்டது. உணவைக் குறைத்தபோது நிலைமை சீரடைந்ததை 1975இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

நான்காவதே நம்மில் பெரும்பாலோரைச் சேர்ந்தது. மணி ஒலிக்கிறது, ஆனால் உள்ளே இருப்பவர் எழுந்து வருவதில்லை. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்துவிட்டால் ஏற்பியிலிருந்து கதவு வரை செல்லும் செய்தி இடையிலேயே தடைபடுகிறது. கணையம் என்ன செய்யும்? இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டும். அவ்வாறு பல ஆண்டுகள் சர்க்கரை ஏறாமலே இருக்கும். கணையத்தின் ஆற்றல் குன்றத் தொடங்கும் நாளில்தான் சர்க்கரை ஏறுகிறது. நோய் அன்று வந்ததன்று, அன்று வெளிப்பட்டது.

இதனால் நமக்கு என்ன பயன்?

முதற்பயன், முன்கூட்டியே அறிதல். சிலருக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் தோன்றும். பல தாய்மார்கள் அதை அழுக்கு என்று எண்ணிப் பிள்ளைகளின் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகின்றனர். அது அழுக்கன்று. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. நம் இனத்தவருக்கு அதிகப் பருமன் இல்லாதபோதும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து இத்தடை உண்டாவதால், "நான் ஒல்லிதானே" என்று இருந்துவிடவும் கூடாது.

இரண்டாம் பயன், உடற்பயிற்சியின் அருமையை உணர்தல். தசை இயங்கும்போது, இன்சுலின் மணியை அழுத்தாமலே குளூட்-4 கதவு மேலே வருகிறது. தடைபட்ட பாதைக்கு இயற்கை வைத்த மாற்றுவழி இது. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பையும், எடையில் 7 விழுக்காட்டுக் குறைப்பையும் இலக்காகக் கொண்டனர். அவர்களிடையே நோய் தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றால் 28.5 விழுக்காடு குறைந்தது. நம்மைப் போன்றோரிடம் கண்ட பயன் என்பதால் இது நம்பிக்கை தருகிறது.

மூன்றாம் பயன், மருந்தைப் பற்றிய அச்சம் நீங்குதல். மருத்துவர் இன்சுலின் ஊசி போடச் சொன்னால், "கடைசிக் கட்டம் வந்துவிட்டது" என்று பலர் மனமொடிந்து மறுத்துவிடுகின்றனர். களைத்த கணையத்துக்குத் துணைக்கு ஆள் அனுப்புவதே அந்த ஊசி. அதைத் தள்ளிப்போட்டால் கண், சிறுநீரகம், கால் நரம்புகள் ஆகியவையே அதற்கு விலை கொடுக்கும். பாகற்காயும் வெந்தயமும் உணவில் இருக்கலாம். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. விரதம் இருப்போரும் முன்னதாக மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரக்கூடும்.

அன்பர்களே, நீரிழிவு கண்டவரைப் பார்த்து "வாயைக் கட்டவில்லை, அதனால்தான்" என்று பழிப்பதை இனியாவது நிறுத்துவோம். உயிரணுவின் வாயிலில் நிகழும் நுண்ணிய தடை அது. பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. பழிச்சொல் எவர் சர்க்கரையையும் இறக்கியதில்லை. அவரோடு சேர்ந்து மாலையில் அரை மணி நேரம் நடப்பதும், வீட்டில் எல்லோர் தட்டிலும் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதும், 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் நம்மால் இயன்ற செயல்களே. இன்றே தொடங்குவோம், நலமாக வாழ்வோம்.